டீக்மன் வீட்டுப் பிள்ளைகள்

நான் அமெரிக்காவில் என்ன வேலை பார்த்தேன் என்பது காயல்பட்டினத்தில் இருக்கிற என் லாத்தாவுக்கு, மூத்த அக்காவுக்கு, இன்றுவரை விளங்கவில்லை. "மவுத்தானவங்களுக்கு வாரிசு தேடுற வேலை" என்று ஒருமுறை சொன்னேன். "இங்க உயிரோட இருக்கறவங்களத் தேடவே ஆளில்ல, போடி" என்று போனை வைத்துவிட்டாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை.

ஊரில் நிலம் வாங்கும்போது வில்லங்கம் பார்ப்பார்கள் அல்லவா, ஏறக்குறைய அதுதான். டெக்ஸாஸில் நிலம் கைமாறும்போது, விற்கிறவர்தான் உண்மையான சொந்தக்காரரா என்று பார்த்துச் சொல்ல டைட்டில் கம்பெனி என்று ஒன்று உண்டு. அதன் ஆட்கள் கவுண்டி என்கிற மாவட்டத்தின் கோர்ட்டில் போய் உட்கார்ந்து, இன்றைய பத்திரத்திலிருந்து முதல் பத்திரம்வரை ஏணிப்படி இறங்குவதுபோல் ஒவ்வொன்றாக இறங்கிப் போக வேண்டும். கிராமப்புற நிலம் என்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலில் வந்து இறங்கிய ஏதோ ஒரு விவசாயியிடம் போய் நிற்கும். நடுவில் பாதிப் பேர் உயில் எழுதாமல் செத்திருப்பார்கள். அவர்களுக்கு எத்தனை கல்யாணம், எத்தனை பிள்ளை, எந்தப் பிள்ளை எந்தப் பெயரில் எங்கே போனது என்று தேடுவதுதான் என் பிழைப்பு. ஓய்வு பெற்று பேர்லேண்டில் சும்மா இருக்கிறேன்.

போன மாதம் பவித்ரா கூப்பிட்டாள். எங்கள் கம்பெனியின் பிளானோ ஆபீசில் நான் பார்த்த அதே மாதிரி வேலையில் இருக்கிற சென்னைப் பெண்.

"ஆன்ட்டி, இப்பல்லாம் சாஃப்ட்வேர்ல பேர டைப் பண்ணா ஃபேமிலி ட்ரீ தானா வந்துடுது. ஒரே ப்ராப்ளம், லாஸ்ட் நேம் மேட்ச் ஆகலன்னா தனித்தனி ஃபேமிலியா பிரிச்சுப் போட்டுடுது. அந்தக் காலத்துல நீங்க இத எப்படி ஹேண்டில் பண்ணீங்க?"

அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்கு ஒரு பழைய நிலக் கேஸில் பார்த்த மிஸ் எல்ஃபியின் முகம் நினைவுக்கு வந்துவிட்டது. அன்றைக்கு முழுதும் அடுப்புப் பக்கம் போகப் பிடிக்கவில்லை.

நான் இந்த வேலைக்கு வந்தது தற்செயல். வீட்டுக்காரருக்கு ஹூஸ்டன் பக்கம் ஒரு ரசாயன ஆலையில் இன்ஜினியர் வேலை. க்ரீன் கார்டு வரும்வரை வீட்டில் அடைந்து கிடந்தேன். வந்ததும், பிள்ளையை டேகேரில் விட்டுவிட்டு டைட்டில் கம்பெனியில் டைப் அடிக்கச் சேர்ந்தேன். கோர்ட்டுக்குப் போகிறவர் பிரசவ லீவில் போனபோது என்னை அனுப்பினார்கள். திரும்பி டைப் அடிக்கிற மேஜைக்கு நான் வரவே இல்லை. ஜெய்னப் என்று கூப்பிட வாய் வளையாமல் 'ஸீ' என்று வைத்துக்கொண்டார்கள். நானும் விட்டுவிட்டேன்.

என் மேலதிகாரி மிஸ் லோரைன். டெக்ஸாஸில் வயதில் மூத்த பெண்களை, கல்யாணம் ஆனவரானாலும், மிஸ் போட்டு முதல் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது மரியாதை. நம்மூர் அக்கா மாதிரி என்று வையுங்கள். ஆனால் இந்த அக்காவிடம் யாரும் கொஞ்சிவிட முடியாது. ஒல்லியான உடம்பு, சங்கிலியில் தொங்கும் கண்ணாடி, கோர்ட்டில் எத்தனை மணி நேரமானாலும் நின்றுகொண்டேதான் படிப்பார். பத்திரத்தை உட்கார்ந்து படித்தால் கண் வரி தாண்டிவிடுமாம். நான் ஓடிப்போய் "இவருக்கு மூன்று பிள்ளைகள்" என்பேன். தலையைத் தூக்காமல் "யார் சொன்னது?" என்பார். அவருடைய மொத்தப் பாடமும் அந்த ஒரு கேள்விதான். பத்திரம் சொன்னதா, கல்லறை சொன்னதா, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரா, இல்லை நீயாகச் சொல்கிறாயா? 'இருக்கலாம்' என்று ஒரு ரிப்போர்ட்டில் எழுதிவிட்டால் போதும், சிவப்புப் பென்சிலால் அதை அடித்துவிட்டு, இருந்ததா இல்லையா என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்புவார். கடுப்பாக இருக்கும். நோன்பு மாதத்தில் மட்டும் மதியம் என் முன்னால் சாப்பிடமாட்டார். காரில் போய், கண்ணாடியை ஏற்றிவிட்டு, அவித்த முட்டையைத் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவார். ஏன் என்று நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

பெயர் பார்ப்பதற்கு அவர் கற்றுக்கொடுத்த முறைகளில் ஒன்று கண்ணாடி. முகம் பார்க்கிற கண்ணாடியேதான். பழைய கல்லறைகளில் எழுத்து தேய்ந்து, பாசி படர்ந்து, நேராகப் பார்த்தால் வெறும் கல்லாகத் தெரியும். சுரண்டக் கூடாது, சாக்பீஸ் தேய்க்கக் கூடாது, கல் கெட்டுவிடும். கொஞ்சம் தள்ளி நின்று, கண்ணாடியில் வெயிலை வாங்கி, பக்கவாட்டிலிருந்து கல்லின் மேல் சாய்த்து விட வேண்டும். பள்ளத்தில் நிழல் விழும். நிழல் விழுந்தால் எழுத்து எழுந்து நிற்கும். நான் கையில் கண்ணாடியோடு மையவாடிகளில், இடுகாடுகளில், சுற்றுவதைப் பார்த்து, "மவுத்தானவங்களுக்கு மேக்கப் போடுறியா?" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

விஷயத்துக்கு வருகிறேன். ஹூஸ்டனுக்கு மேற்கே பிரிங்க்மன் என்ற குடும்பத்தின் பெரிய நிலம் விலைக்கு வந்தது. வீடுகள் கட்டப் போகிறவர்கள் வாங்குகிறார்கள். நிலத்தின் நடுவில், ஓடையோரத்தில், பீக்கன் கொட்டை மரங்களுக்கு அடியில் ஒரு ஏக்கர் மையவாடி. ஜெர்மனியிலிருந்து வந்து அந்த நிலத்தை முதலில் வாங்கிய பெரியவர் யோஹான் பிரிங்க்மன், மற்ற நிலத்தை மகன்களுக்குப் பெயர் சொல்லிப் பிரித்த உயிலில், அந்த ஒரு ஏக்கரை மட்டும் 'என் ரத்தத்தில் பிறந்த பிள்ளைகளின் வம்சத்துக்கு' என்று ஒதுக்கிவைத்திருந்தார். அதில் யார் யாருக்குப் புதைக்கப்படும் உரிமை உண்டு என்று முழுதாகப் பெயர் கொடுத்துவிட வேண்டும், அதன் பிறகு வேலி போட்டுப் பூட்டிவிடுவோம் என்பது வாங்குகிறவர்களின் நிபந்தனை. பெயர் இல்லாதவர்களுக்கு அப்புறம் எந்தக் காலத்திலும் உள்ளே இடமில்லை.

வாரிசு விவரத்துக்குச் சத்தியம் செய்ய, குடும்பத்தைத் தெரிந்த, ஆனால் சொத்தில் எந்தப் பாத்தியதையும் இல்லாத சாட்சிகள் வேண்டும். பிரிங்க்மன் குடும்பத்தின் மையவாடிச் சங்கச் செயலாளர் க்ளென், நெல் விவசாயம் செய்து ஓய்ந்த பெரியவர், ஒரு பெயர் சொன்னார். ஓடைக்கு அந்தப் பக்கம் வாழ்கிற எல்ஃப்ரீடா டீக்மன், எல்லாருக்கும் மிஸ் எல்ஃபி.

"அவங்க ஆளுங்க எங்க கொள்ளுத்தாத்தா கிட்டப் பண்ணையாளா இருந்தவங்க. எங்களப் பத்தி எல்லாம் தெரியும்."

அவர் சொன்ன இங்கிலீஷை என் தமிழில் தருகிறேன், மிஸ் எல்ஃபி பேசியதும் அப்படித்தான்.

புருஷனைப் பிரிந்து பிறந்த வீட்டுப் பெயருக்கே திரும்பிவிட்ட மிஸ் எல்ஃபி, சக்கரம் வைத்த ஒரு ட்ரெய்லர் வீட்டில் தனியாக இருந்தார். உருண்டையான சின்ன உருவம், ஆண்பிள்ளைச் சட்டை, காது மட்டும் பாம்புக் காது. பிரிங்க்மன் வம்சத்தை மனப்பாடமாக ஒப்பித்தார். நான் எழுதிக்கொண்டே வந்தேன். கடைசியில் ஒரு கேள்வி, எல்லாச் சாட்சிகளிடமும் கேட்பது: இந்தச் சொத்தில் உங்களுக்கு ஏதாவது பாத்தியதை உண்டா? இல்லை என்பார்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புவோம். மிஸ் எல்ஃபி காப்பிக் கோப்பையைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"ஒரு ஆள் படுக்கிற அளவு இருக்கு. ரெண்டு ஆள்னா இன்னும் நல்லது."

அப்போதுதான் ரான்னியைப் பற்றிச் சொன்னார். ஒரே பையன். முப்பது வருஷத்துக்கு முன்னால் ரத்தப் புற்றுநோயில் போனவன், கல்யாணம்கூட ஆகவில்லை. சின்ன வயதில் அந்தப் பீக்கன் மரத்தடியிலேயே கிடப்பானாம். ஆஸ்பத்திரியில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, என்னை அங்கே போடு என்று கேட்டிருக்கிறான். போடுகிறேன் என்று இவரும் சொல்லிவிட்டார். அவன் போனதும் சங்கத்திடம் கேட்டபோது, உயிலில் உங்கள் ஆள் பெயர் இல்லையே என்று சொல்லிவிட்டார்கள். ஃப்ரீவே ஓரத்துப் பொது மையவாடியில் போட வேண்டியதாயிற்று.

"யாரோ மாதிரி ரோட்டோரம் கிடக்கான்," என்றார். "எங்க பாட்டனார் ஹைன்ரிஷ் இந்தக் குடும்பத்துப் பிள்ளதான்னு எங்க அப்பா சொல்லிட்டே செத்தாரு. எப்படின்னு அவருக்கும் தெரியல. நீ தேடுற ஆளுதானே ஹனி? தேடிக் குடு."

கையெழுத்து வாங்காமல் திரும்பி வந்தேன். பாத்தியதை இருப்பதாகச் சொல்கிறவர் சாட்சி ஆக முடியாது. மிஸ் லோரைன் முழுக் கதையையும் நின்றுகொண்டே கேட்டார்.

"அந்த ஹைன்ரிஷ் மகன்னு யார் சொன்னது?"

"அவங்க அப்பா."

"அவருக்கு யார் சொன்னது?"

நான் நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். "அப்ப போய்ப் பாரு," என்றார். "உரிமை உள்ளவங்க பேர் ஒண்ணு விட்டுப்போனாலும் அது நம்ம தப்பு."

பவித்ரா, இன்றைக்கு உன் சாஃப்ட்வேர் எப்படிப் பிரித்துப் போடுகிறதோ அப்படித்தான் அந்தக் கவுண்டியே இரண்டு குடும்பத்தையும் பிரித்துப் போட்டிருந்தது. பிரிங்க்மன் என்றால் முதலாளி, டீக்மன் என்றால் பண்ணையாள். சர்ச்சில்கூட டீக்மன்கள் பின் பெஞ்சில்தான் உட்காருவார்களாம். யாரும் அப்படி உட்காரச் சொன்னதில்லை, அதுவாகவே அப்படி ஆகிவிட்டது.

கோர்ட்டில் எனக்கு ஒரே ஒரு பிடி கிடைத்தது. ஓடைக்கு அந்தப் பக்கத்து நிலத்தை, உயில் எழுதுவதற்கு முன்பே, பெரியவர் யோஹான் அந்த ஹைன்ரிஷுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். விலை என்ன என்று போட வேண்டிய இடத்தில் 'அன்பையும் பாசத்தையும் முன்னிட்டு' என்று இருந்தது. பண்ணையாளுக்குக் கூலி கொடுப்பார்கள், பாசத்தை முன்னிட்டு நிலம் கொடுப்பார்களா? மகன் என்று கொடுத்திருந்தால் அவன் உயிலில் இல்லாமல் போனதற்கும் காரணம் சரியாகிவிடுகிறது, அவன் பங்கு முன்னாலேயே போய்விட்டது. நான் துள்ளிக் குதித்துக்கொண்டு போனேன். மிஸ் லோரைன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "விசுவாசமான வேலைக்காரனுக்கும் இப்படி எழுதுவாங்க," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மிச்சம் இருந்தது மையவாடி. ஒரு காலை வேளையில் நான், மிஸ் லோரைன், க்ளென், மிஸ் எல்ஃபி நான்கு பேரும் போனோம். அழைத்தால் நன்றாக இருக்கும் என்று மிஸ் எல்ஃபியை நான்தான் அழைத்திருந்தேன். பெரியவர் யோஹானின் மனைவியுடைய கல்லறைக் கல் ஒரு பக்கம் சாய்ந்து, பாசி மூடிக் கிடந்தது. இத்தனை வருஷத்தில் யாரும் அதை முழுதாகப் படித்ததில்லை. நான் கண்ணாடியைப் பிடித்தேன், மிஸ் லோரைன் குனிந்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். அன்னா மரியா பிரிங்க்மன். கீழே அவர் பிறந்த கிராமத்தின் பெயர். அதற்கும் கீழே, பிறந்த வீட்டுப் பெயர் டீக்மன்.

க்ளென் தொப்பியைக் கழற்றினார். அவர் கெட்ட மனிதர் இல்லை, குரலில் குத்தலும் இல்லை, வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

"அப்ப இதுதான் விஷயம். கல்யாணத்துக்கு முன்னாடி அந்தம்மாவுக்குப் பிறந்த பையன். அதான் அம்மா வீட்டுப் பேரு."

வேறு எப்படியும் அதைப் படிக்க அவருக்குத் தெரியாது. அந்தக் கவுண்டியில் யாருக்குமே தெரியாது. தாயின் பெயரைத் தாங்கிய பிள்ளை என்றால் தகப்பன் பெயர் தெரியாத பிள்ளை, அவ்வளவுதான். உயிலில் இருந்ததோ 'என் ரத்தத்தில் பிறந்த பிள்ளைகள்' என்று பெரியவரின் வாக்கு. மிஸ் எல்ஃபியின் முகத்தை நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். பண்ணையாள் வம்சம் என்ற பெயரோடு வந்த மனுஷிக்கு அதைவிடக் கீழான ஒரு பெயரைக் கண்ணாடி பிடித்துக் காட்டிவிட்டோம். அவர் புல்லில் நடந்து போய்த் தன் காரில் உட்கார்ந்துகொண்டார்.

திரும்பும்போது மிஸ் லோரைன் ஓட்டினார்.

"தாய் பேர்ல ஒரு பையன்," என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "வேற என்னவா இருக்க முடியும்?"

"எங்க ஊர்ல எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான்," என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது.

அவர் திரும்பிப் பார்த்தார். நான் சொன்னேன். காயல்பட்டினத்தில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்பிள்ளைக்கு. மற்ற ஊர்களில் வீட்டோடு மாப்பிள்ளை என்றால் ஏளனம், எங்கள் ஊரில் எல்லா மாப்பிள்ளையும் வீட்டோடுதான். என் வாப்பா உம்மா வீட்டுக்கு வந்தவர். என் காக்காமாரை, அண்ணன்களை, இன்றைக்கும் உம்மாவின் வீட்டுப் பெயரைச் சொல்லித்தான் அடையாளம் சொல்வார்கள். அதனால் அவர்களுக்குத் தகப்பன் இல்லை என்று யாரும் நினைப்பதில்லை. எங்கள் க்ரீன் கார்டு நேர்காணலில், கல்யாணம் ஆனதும் கணவர் ஏன் உங்கள் அம்மா வீட்டு விலாசத்துக்கு மாறினார் என்று அந்த அதிகாரி சந்தேகப்பட்டுத் துருவித் துருவிக் கேட்டதையும் சொன்னேன்.

"இந்தப் பெரியவரும் பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தா?" என்றேன். "அந்த வீட்ல பிறந்த பிள்ளைக்கு அந்த வீட்டுப் பேருதானே வரும்?"

"உங்க ஊர் இந்தக் கவுண்டில இல்ல, ஸீ."

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஆனால் கொஞ்ச தூரம் போனதும் காரை ஓரங்கட்டினார், இறங்கி ஒரு சிகரெட் பற்றவைத்தார், பாதியிலேயே காலடியில் போட்டு மிதித்தார். ஜன்னல் பக்கம் வந்து குனிந்தார்.

"ஜெர்மனில அவங்க பக்கம் இது உண்டான்னு யாருக்குத் தெரியும்?"

கல்லில் இருந்த கிராமத்தின் சர்ச்சுக்கு எழுதினேன். கோடை முழுக்கப் பதில் இல்லை. நடுவில் மிஸ் எல்ஃபியைப் பார்க்க இரண்டொரு தடவை போனேன். சர்ச்சுக்குப் போவதையே நிறுத்தியிருந்தார். எதையும் நம்பும்படி அவரிடம் நான் சொல்லவில்லை, மிஸ் லோரைனின் கண்டிப்பான உத்தரவு. ஒருவருக்கு நம்பிக்கை கொடுத்துவிட்டு ஆதாரம் கொடுக்காமல் போனால் அது திருட்டு என்பார்.

குளிர் தொடங்கும்போது பதில் வந்தது. அந்த சர்ச்சின் பழைய ஏடுகளைப் பார்த்துக்கொள்கிற ஒரு பெரியவர் எழுதியிருந்தார். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்பதுபோல எழுதியிருந்தார். அவர்கள் பக்கம் பண்ணைக்குத்தான் பெயர். ஆண்பிள்ளை இல்லாத பண்ணைக்கு மாப்பிள்ளையாகப் போகிறவன் தன் பெயரை வாசலில் விட்டுவிட்டுப் பண்ணையின் பெயரை எடுத்துக்கொள்வான், அங்கே பிறக்கும் பிள்ளைகளுக்கும் அதே பெயர். யோஹான் பிரிங்க்மன் டீக்மன் பண்ணைக்கு மாப்பிள்ளையாகப் போனவர். கல்யாணப் பதிவும், அதற்கு அடுத்த வருஷம் பிறந்த மூத்த மகன் ஹைன்ரிஷின் ஞானஸ்நானப் பதிவும் நகல் வைத்திருந்தார். பண்ணை கைவிட்டுப் போயிருக்கிறது, குடும்பம் கப்பல் ஏறியிருக்கிறது. டெக்ஸாஸில் பண்ணையும் இல்லை, அதன் பெயரும் இல்லை. தகப்பன் தன் பழைய பெயருக்குத் திரும்பிவிட்டார். இங்கே பிறந்த தம்பிகள் பிரிங்க்மன் ஆனார்கள். ஹைன்ரிஷ் மட்டும், தன் பெயர் தெரிகிற வயதில் வந்தவன், பிறந்த வீட்டுப் பெயரை விடவில்லை.

கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். ஒரு சின்னப் பையன் உம்மா வீட்டுப் பெயரைக் கடல் கடந்து கொண்டுவந்திருக்கிறான், அதற்காக அவன் வம்சமே பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. மூத்த பிள்ளை அவன். மிஸ் லோரைன் நகல்களை நின்றபடி படித்து முடித்தார். ரிப்போர்ட்டை அவரே எழுதினார். அதில் சிவப்புப் பென்சிலுக்கு வேலை இருக்கவில்லை.

சங்கம் கூடியது, ஒருமனதாக ஒத்துக்கொண்டது. மிஸ் எல்ஃபிக்கும் ரான்னிக்கும் பீக்கன் மரத்தடியில் இடம் உண்டு என்று க்ளென் கையெழுத்திட்ட கடிதம் தபாலில் வந்தது. 'மதிப்புக்குரிய திருமதி டீக்மன்' என்று தொடங்கியிருந்தது. மிஸ் எல்ஃபி கேக் செய்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஓடையைத் தாண்டினால் க்ளென் வீடு. யாராவது ஒருவர் வந்து ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போவார்கள் என்று நினைத்திருக்கிறார். நான் மட்டும் போனேன்.

"காகிதம் வந்துருச்சு," என்றார். "மனுஷங்க வரல. பரவால்ல, ரான்னி வந்தாப் போதும்."

அவனை இடம் மாற்ற நாள் பார்த்தார்கள். எங்கள் மார்க்கத்தில் அடக்கம் செய்த கப்ரைத் தோண்டுவது பெரிய காரியம், லேசில் கூடாது. என் மனசு அடித்துக்கொண்டது. ஆனால் ஒரு தாய் மகனுக்குக் கொடுத்த வாக்கு அது, நான் யார் நடுவில் வாய் திறக்க? அவர் தனியாக இருக்கக் கூடாது என்று கூடப் போனேன்.

ஃப்ரீவேயின் இரைச்சல் தலைக்கு மேல் ஓடுகிற இடம். மையவாடிக்காரர் ஒரு நல்ல மனிதர், இயந்திரத்தை இறக்காமல் எங்களிடம் வந்தார். அந்த வரிசையில் வேறொரு குடும்பத்துக்காக முன்பு திறந்து பார்த்திருக்கிறாராம். அந்தக் காலத்துச் சாதாரண மரப்பெட்டி, சுற்றிக் காங்க்ரீட் கிடையாது. மண்ணோ கோவில்பட்டிக் கரிசல் மாதிரி கறுப்பு மண், மழையில் உப்பும், வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும், உள்ளே எதையும் இருந்த இடத்தில் இருக்க விடாது.

"தோண்டறேன், மேடம். ஆனா நான் எடுத்துக் குடுக்கப் போறது உங்க பையன் இல்ல. மண்ணு. அது அவனோட மண்ணான்னுகூட என்னால சத்தியம் பண்ண முடியாது."

"எதுவுமே இருக்காதா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மிஸ் எல்ஃபி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். காலணி நுனியால் அந்தக் கறுப்பு மண்ணைத் தடவிக்கொண்டே இருந்தார். எனக்கு அவர் தோளில் கை வைக்கத் தோன்றியது, வைத்தேன். அப்புறம் எழுந்தார்.

"சரி. என் முறை வரும்போது இங்கயே, இவன் பக்கத்துல போட்டுருங்க."

"அங்க உங்க இடம், மிஸ் எல்ஃபி. மூத்தவரோட வம்சம்னு ஆயிருச்சே," என்றேன். எனக்குப் பொறுக்கவில்லை.

"அவன் அங்க வர முடியாது, ஹனி. நான் மட்டும் போய் அங்க யாரோட பேச?"

அதற்கு மேல் அவர் அதிக நாள் இருக்கவில்லை. அடக்கத்துக்கு நானும் மிஸ் லோரைனும் போனோம். மிஸ் லோரைனுக்கு அன்றைக்கு நிற்க முடியவில்லை, உட்கார்ந்துவிட்டார், கார் தவிர வேறெங்கும் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அபூர்வம். போதகர் பேசி முடிக்கிற நேரத்தில் நாலைந்து பிக்கப் லாரிகள் வந்து வரிசையாக நின்றன. பிரிங்க்மன்கள். பெண்கள், பேரப்பிள்ளைகள் உட்பட எல்லாரும் சர்ச் உடையில் வந்திருந்தார்கள். க்ளென் குழியின் தலைமாட்டில் போய் நின்றார், தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். மேலே ஃப்ரீவேயில் லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன, ஒன்றும் கேட்கவில்லை. அவர் எங்களைப் பார்த்தார், எங்களுக்குக் கேட்கவில்லை என்று புரிந்துகொண்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு, முகம் சிவக்க, வாய்விட்டுக் கத்தினார்.

"கசின் எல்ஃபி! எங்க பெரிய தாத்தா வீட்டுப் பொண்ணு இவங்க!"

இந்தத் தடவை நாங்கள் எல்லாரும் கேட்டோம். அந்த ஒரு சொல்லுக்காகவே என்னைக் கோர்ட்டுக்கு அலையவும் ஜெர்மனிக்கு எழுதவும் வைத்த மனுஷி, இன்னும் மூடாத குழியில், மகன் பக்கத்தில் கிடந்தார்.